பெரியப்பாவோட கடைசி ரவுண்டு: தூரத்தைக் குறைங்க, ரூல்ஸைக் குறைக்காதீங்க

வீட்ல எண்பது தாண்டின கோல்ஃப் ஆள் ஒருத்தர் இருந்து, உடம்பு முடியறப்பவே அவர ஒரு நல்ல கோர்ஸுக்கு (கோல்ஃப் மைதானத்துக்கு) இன்னொரு தடவை கூட்டிட்டு போயிட்டு வந்தறலாம்னு யோசிக்கறீங்களா, அப்ப இத படிங்க. மொத வேலையா அந்த "கடைசி"ங்கற வார்த்தைய வீட்ல யாரும் வாய தொறந்து சொல்லக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லி வெச்சிருங்க. எங்க வீட்ல பெரியப்பா பையன், எனக்கு அண்ணன் முறை, அமெரிக்கால இருந்து வீடியோ கால்ல "அப்பாவோட லாஸ்ட் ரவுண்டு, கேக் வெட்டலாம், டீ-ஷர்ட் அடிக்கலாம்"னு ஆரம்பிச்சான், அதோட நிறுத்துடான்னு சொல்லி வெச்சேன். அவருக்கு தெரியாதா என்ன, நம்மள விட நல்லாவே தெரியும், அத நாம போஸ்டர் அடிச்சு ஒட்ட வேண்டியதில்ல.

பெரியப்பாக்கு 84. நீலகிரில டீ எஸ்டேட்ல அசிஸ்டெண்ட் மேனேஜரா 1960கள்ல சேந்தவரு, வெள்ளைக்கார மேனேஜருங்க ஒவ்வொருத்தரா கெளம்பிட்டு இருந்த காலம், அப்படி கெளம்பின ஒருத்தர்கிட்ட வாங்கின பழைய செட்ல ஆட கத்துக்கிட்டாரு. நல்லா ஆடின காலத்துல ஹேண்டிகேப் (கோர்ஸுக்குன்னு வெச்சிருக்கற கணக்க விட எத்தனை அடி அதிகமா ஆடுவோம்ங்கற நம்பர், கம்மியா இருந்தா நல்ல ஆட்டம்) 11. எனக்கு கிளப்ப (கோல்ஃப் மட்டைய) எப்படி புடிக்கணும்னு சொல்லிக் குடுத்ததும் அவருதான், பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு வீட்ல பெரியவங்க கேட்டப்ப "அவ கை நல்லா இருக்குது, ஆடட்டும்"னு ஒரே வரியில முடிச்சுட்டாரு. இப்ப கோயமுத்தூர்ல இருக்காரு, ரெண்டு கண்ணும் கேட்டராக்ட் பண்ணியாச்சு, அதுல ஒரு கண்ணுல ரெட்டினா பிரச்சனை வேற, சுகர், பிபி, ஒரு முட்டி சுத்தமா தேஞ்சு போச்சு. செட்டிபாளையம் கோர்ஸுக்கு போறதயும் நிறுத்திட்டாரு. ஊட்டில ஒரு தடவை ஆடிட்டு வரலாம்ங்களா பெரியப்பான்னு கேட்டேன், "குளுருமே கண்ணு"ன்னாரு, அவரு பாஷைல அது சரின்னு அர்த்தம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். வயசானவங்கள கூட்டிட்டு போறப்ப நாம என்ன பண்றோம்னா பாசத்துல எல்லாத்தையும் விட்டுக்குடுக்கறோம், குழிக்கு நாலடில நிக்கற பந்த அடிக்காமயே "குடுத்தாச்சு எடுத்துக்கங்க"ங்கறோம், தண்ணிக்குள்ள போன பந்த "பரவால்ல இன்னொண்ணு அடிங்க"ங்கறோம், எட்டு அடிச்சத ஆறுன்னு எழுதறோம். அறுபது வருஷம் கணக்கா ஆடின மனுஷனுக்கு இத விட பெரிய அவமானம் இல்லீங்க. பேரன் செஸ்ல வேணும்னே தோத்தா தாத்தாக்கு தெரியாம போகுமா? ஆனா கோர்ஸ் நீளத்த குறைச்சா அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க, ஹோல் (ஒவ்வொரு குழியும் அதுக்கான பாதையும்) எண்ணிக்கைய குறைச்சாலும் ஒத்துக்குவாங்க. ரூல்ல மட்டும் கை வெச்சறாதீங்க. அதுவுமில்லாம இப்ப இருக்கற ரூல் புக்லயே முடியாதவங்களுக்கு எவ்வளவோ வழி இருக்கு, நாமதான் படிக்கறதில்ல.

கெளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல பேசினேன், ஒண்ணு டாக்டர், இன்னொண்ணு ஊட்டி கோல்ஃப் கிளப். ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேல, கோயமுத்தூர்ல இருக்கற காத்து அங்க இல்ல, சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும். டாக்டர் தடுக்கல, ஆனா ஒரு விஷயம் சொன்னாரு, அது எல்லாருக்கும் உபயோகமா இருக்கும்: பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடறவங்களுக்கு நாடித்துடிப்ப வெச்சு களைப்ப கணக்கு போடாதீங்க, அந்த மாத்திரை துடிப்ப ஏற விடாது, கைல கட்டின வாட்ச் "எல்லாம் நார்மல்"னுதான் காட்டும். அதுக்கு பதிலா ஏத்தத்துல நடக்கறப்ப பேச்சு குடுங்க, ஒரு முழு வாக்கியம் மூச்சு விடாம பேச முடியுதான்னு பாருங்க, முடியலைன்னா அங்கயே நின்னுருங்க. நீர் மாத்திரை எடுக்கறவங்களா இருந்தா அன்னிக்கு எந்த நேரத்துல போடறதுன்னும் கேட்டுக்கங்க, நடு ஃபேர்வேல (ஆடற புல்வெளில) பாத்ரூம் தேட முடியாது. இதெல்லாம் பெரியப்பாவோட டாக்டர் பெரியப்பாக்கு சொன்னது, உங்க வீட்டு ஆளுக்கு அவங்க டாக்டர்கிட்டயே கேளுங்க, நான் சொன்னேன்னு மாத்திரைய மாத்தி வெக்காதீங்க.

கிளப்புக்கு போன் பண்ணி கேக்க வேண்டியது: வெளி ஆளுங்க ஆடலாமா, கிரீன் ஃபீ (ஆடறதுக்கு கட்டற காசு) எவ்வளவு, பக்கி (உக்காந்து போற சின்ன வண்டி) கிடைக்குமா, எந்த நாள்ல டோர்னமெண்ட் இல்ல, பாதில எங்கியாவது உக்கார எடம் இருக்கா. வார நாளா பாத்து போங்க, பின்னாடி நாலு பேரு இடுப்புல கை வெச்சுட்டு நின்னா வயசானவங்க அவசரப்படுவாங்க, அப்பதான் தடுக்கி விழறது எல்லாம் நடக்கும். மாசமும் முக்கியம், டிசம்பர் ஜனவரில காலைல புல்லு மேல உறைபனி, ஏப்ரல் மே சீசன் கூட்டம், நாங்க போனது பிப்ரவரி கடைசில. அப்பறம் இ-பாஸ், 2024 மே 7ல இருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும், செக்போஸ்ட்ல வண்டிய ஓரங்கட்டிட்டு போன்ல நெட்வொர்க் தேடிட்டு இருக்காதீங்க, வீட்லயே எடுத்துருங்க. ஒரே நாள்ல மேல ஏறி ஆடிட்டு எறங்கறது வேண்டவே வேண்டாம். நாங்க குன்னூர்ல ஒரு ராத்திரி தங்கினோம், அது ஊட்டிய விட கொஞ்சம் கீழ, உடம்பும் பழகும், வளைவுல தலைசுத்தினது எல்லாம் சரியாயிரும்.

பேக்ல 14 கிளப் வரைக்கும் வெச்சுக்கலாம்ங்கறது ரூல், 14ம் வேணும்னு ரூல் இல்ல. பெரியப்பா பேக்ல 5 வுட், ஒரு ஹைப்ரிட், 7 ஐயர்ன், 9 ஐயர்ன், சேண்ட் வெட்ஜ், பட்டர் (பந்த குழிக்குள்ள உருட்டற மட்டை) அவ்வளவுதான் வெச்சேன், எல்லாம் வேற வேற தூரத்துக்கு அடிக்கற மட்டைங்க, ஐயர்ன்ல நம்பர் கொறஞ்சா தூரம் அதிகம். 3 ஐயர்ன் எங்கன்னு கேட்டாரு, அத கடைசியா எப்ப அடிச்சீங்கன்னு நானும் கேட்டேன், பதில் வரல.

டீ விஷயத்துல, அதாவது ஒவ்வொரு ஹோல்லயும் மொத அடி எங்க நின்னு அடிக்கறதுங்கறதுல, சண்டை வரும்னு தெரியும். குழிக்கு கிட்டக்க இருக்கற செகப்பு டீல இருந்து ஆடுங்கன்னா "அது லேடீஸ் டீ"ம்பாரு. நான் வேற மாதிரி கேட்டேன், நான் எப்பவும் செகப்புல இருந்துதான் ஆடறேன், பாயிண்ட்டுக்கு பத்து ரூவா பந்தயம்னா ரெண்டு பேரும் ஒரே டீல இருந்து ஆடினாத்தானே நியாயம்னு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சரின்னுட்டாரு. உங்க வீட்ல பொம்பளைங்க யாரும் ஆடலைன்னா நீங்களே செகப்புல இருந்து ஆடுங்க, கௌரவம் ஒண்ணும் கொறஞ்சு போகாது.

ஸ்கோருக்கு ஸ்டேபிள்ஃபோர்டு வெச்சுக்கங்க, இதுக்கு ஈடு வேற இல்ல. மொத்தமா எத்தனை அடிச்சோம்னு கூட்டறதில்ல, ஒவ்வொரு ஹோலுக்கும் பாயிண்ட், உங்க ஹேண்டிகேப்ப கழிச்சு பார் (அந்த ஹோலுக்குன்னு வெச்சிருக்கற அடி எண்ணிக்கை) எடுத்தா 2, போகி (பார விட ஒண்ணு அதிகம்) 1, அதுக்கு மேல போனா பூஜ்யம், பந்த எடுத்து பாக்கெட்ல போட்டுட்டு அடுத்த ஹோலுக்கு போயிரலாம். இங்கிலாந்துல ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டுன்னு ஒரு டாக்டர் யோசிச்ச முறை, இப்ப ஆடற வடிவத்துல 1932ல வாலஸி கிளப்ல மொதல்ல ஆடினாங்க. ஒரே ஒரு மோசமான ஹோல் அன்னிக்கு பூராத்தையும் கெடுக்கக்கூடாதுங்கறதுதான் யோசனை, வயசானவங்களுக்குன்னே பண்ணின மாதிரி இருக்கும். பெரியப்பாக்கு ஹேண்டிகேப் 36 போட்டோம், 18 ஹோலுக்கு அது, அதாவது ஒரு ஹோலுக்கு ரெண்டு ஷாட். மூஞ்சிய சுளிச்சாரு. இப்ப உலகம் பூரா 54 வரைக்கும் குடுக்கறாங்க பெரியப்பா, ரூலுங்கன்னேன். "ரூலா?"ன்னாரு. ஆமாங்கன்னேன். அதோட விட்டுட்டாரு.

கேடி விஷயத்துல, அதாவது பேக்க தூக்கிட்டு கூட வர்ற ஆள் விஷயத்துல, கஞ்சத்தனம் பண்ணாதீங்க, ரெண்டு பேருக்கும் தனித்தனி ஆள் வெச்சுக்கங்க. ஆடறதுக்கு முன்னாடியே கேடிய தனியா கூப்பிட்டு சொல்லிருங்க, இவருக்கு பந்து போற எடம் தெரியாது, நீங்க பாத்து சத்தமா சொல்லணும், பந்த காலால நகத்தி வெக்கறது மட்டும் கூடாது. பல எடத்துல கேடிங்க பெரியவங்க மேல இருக்கற மரியாதைல பந்த நைஸா தள்ளி நல்ல புல்லு மேல வெப்பாங்க, டிப்ஸுக்குன்னு சொல்ல மாட்டேன், நல்ல மனசுலதான் பண்றாங்க. எங்களுக்கு வந்த பையன் கெட்டிக்காரன், ரெண்டே ஹோல்ல புரிஞ்சுக்கிட்டான். பெரியப்பா அடிச்சதும் அவரு பந்த பாக்கறதில்லங்க, கேடி மூஞ்சிய பாக்கறாரு. பந்து அந்தரத்துல இருக்கறப்பவே அந்தப் பையன் மூஞ்சில இருந்து நல்ல ஷாட்டா கெட்ட ஷாட்டான்னு படிச்சுடறாரு. இத கவனிச்சதுக்கப்பறம் நானும் என் மூஞ்சிய கொஞ்சம் அடக்கி வெச்சுக்கிட்டேன்.

மஞ்சக் கலர் பந்து வாங்கிட்டு போங்க, பளபளப்பு இல்லாத வகை, பச்சைல நல்லா தெரியும். அதே மாதிரி பட்டர் பின்பக்கம் ஒரு ரப்பர் கப் மாட்டற ஐட்டம் விக்குது, குனியாமயே குழிக்குள்ள இருந்து பந்த எடுத்துக்கலாம். பெரியப்பா அத மாட்ட விடல. அவரு எடுக்கற ஸ்டைலே தனி, வலது கைய பட்டர் மேல ஊனிட்டு, ஒரு கால பின்னாடி நீட்டி தூக்கிட்டு, அப்படியே முன்னாடி சாஞ்சு எடது கைய குழிக்குள்ள விடுவாரு, முட்டி மடங்கவே மடங்காது. பழைய ஆளுங்க நெறைய பேரு இப்படித்தான் எடுப்பாங்க. பிபி மாத்திரை சாப்பிடறவங்க குனிஞ்சு நிமிந்தா தலை சுத்தும், அதனால அவரு நிமிரற வரைக்கும் நான் ஒரு கை தூரத்துல நின்னுக்கிட்டேன், புடிக்கல, சும்மா நின்னேன்.

ரூல் புக் எப்படி கை குடுத்துச்சுன்னு சொல்றேன். நாலாவது ஹோல்னு நினைக்கறேன், பந்து கிரீன் (குழி இருக்கற வழுவழுப்பான புல்தரை) பக்கத்துல ஒரு பங்கருக்குள்ள (மணல் பள்ளத்துக்குள்ள) போயிருச்சு, ஆழமான பங்கர், எறங்கற எடம் செங்குத்து, அந்த முட்டிய வெச்சுட்டு எறங்கினா ஏற முடியாது. பையன் நான் எறங்கி தூக்கி போடறேன் சார்ங்கறான். பெரியப்பா வெட்ஜ கைல வாங்கிட்டு ஓரமா நின்னு உள்ள பாத்துட்டே இருக்காரு. நான் போய், 2019ல ரூல் மாத்திட்டாங்க, பங்கருக்குள்ள பந்து ஆட முடியாத மாதிரி இருந்தா ரெண்டு ஷாட் பெனால்டி போட்டுட்டு வெளிய பின்னாடி தள்ளி பந்த கைல இருந்து கீழ விட்டு, அதாவது ட்ராப் பண்ணி, ஆடிக்கலாம்னேன். நம்பல. "எங்க, காட்டு"ன்னாரு. போன்ல எடுத்து காட்டினேன். கண்ணாடிய நெத்திக்கு தூக்கிட்டு போன மூக்குகிட்ட கொண்டு போய், அப்பறம் கை நீட்டி தூரமா வெச்சு, எழுத்த பெருசாக்க சொல்லி, அந்த ரூல முழுசா படிச்சாரு, நம்பர் கூட கேட்டாரு, 19.3. பின்னாடி வந்த ஜோடிய முன்னாடி போக சொல்லிட்டோம். படிச்சு முடிச்சுட்டு "ரெண்டு பெனால்டி எழுதிக்கோ"ன்னு சொல்லிட்டு ட்ராப் பண்ணினாரு. அதே ஆள்கிட்ட "பரவால்ல பெரியப்பா வெளிய எடுத்து வெச்சு அடிங்க"ன்னு சொல்லியிருந்தா அந்தக் குழிக்குள்ள எறங்கித்தான் தீருவாரு, ஆம்புலன்ஸ்லதான் ஏறியிருப்பாரு.

ட்ராப் பண்றதுலயும் ஒரு வேடிக்கை. அவரு ஆட ஆரம்பிச்சப்ப ஹோல பாத்து நின்னுட்டு தோளுக்கு பின்னாடி பந்த போடணும், 1984ல கைய நீட்டி தோள் உயரத்துல இருந்துன்னு மாத்தினாங்க, 2019ல முட்டி உயரத்துல இருந்து. அன்னிக்கு பழக்க தோஷத்துல கை தோள் உயரத்துக்கு போச்சு, பையன் "சார் முட்டி, முட்டி"ன்னான், "அதுதாம்ப்பா வலிக்குது"ன்னாரு, மூணு பேரும் சிரிச்சுட்டோம். குழில நிக்கற கொடிய எடுக்காமயே பட் பண்ணலாம் (பந்த குழிக்கு உருட்டலாம்)ங்கறதும் அந்த 2019 மாத்தம்தான், கண்ணு தெரியாதவங்களுக்கு அது பெரிய உதவி, குழி தெரியாட்டியும் கொடிக்கம்பு தெரியும். காட்டெருமை வந்தா கூட ரூல் இருக்கு, ஆபத்தான மிருகம் பக்கத்துல பந்து கெடந்தா பெனால்டி இல்லாம தள்ளி ட்ராப் பண்ணிக்கலாம். எங்களுக்கு தூரத்துல ஒரு கூட்டம் மேஞ்சுட்டு இருந்துச்சு, கிட்ட வரல. ஆனா மஞ்சப் பூ பூக்கற முள்ளுப் புதர்ல போன பந்த தேடாதீங்க, மூணு நிமிஷம்தான் டைம், கைதான் கிழியும்.

அஞ்சாவது ஹோல்ல கொஞ்சம் பயந்துட்டோம். நல்லா பேசிட்டு வந்தவரு திடீர்னு பையன் மேல எரிஞ்சு விழுந்தாரு, எந்த கிளப் குடுத்தாலும் இது இல்ல அது இல்லங்கறாரு. அவரு அப்படி பேசற ஆளே இல்ல. கிட்ட போய் பாத்தா அந்தக் குளுர்ல நெத்தில முத்து முத்தா வேர்வை. லோ சுகர். கிளிமிப்ரைடு மாதிரி மாத்திரை, இல்ல இன்சுலின் எடுக்கறவங்க நடை அதிகமானா சுகர் டக்குனு எறங்கும், பீட்டா பிளாக்கரும் சேந்தா கை நடுக்கம் படபடப்பு எல்லாம் தெரியாம மறைஞ்சிரும், வேர்வை மட்டும் வரும். அதனால வேர்வையும் காரணமில்லாத கோவமும் வந்தா மொதல்ல சுகர சந்தேகப்படுங்க. பேக்ல குளுக்கோஸ் பவுடர் இருந்துச்சு, தண்ணில கலந்து குடுத்தோம், கால் மணி நேரம் உக்கார வெச்சு மறுபடி மெஷின்ல பாத்தோம், ஏறிருச்சு, அப்பறமா ரெண்டு பிஸ்கட். சாக்லேட், கடலை மிட்டாய் எல்லாம் இந்த நேரத்துக்கு ஆகாது, கொழுப்பு இருக்கறதால சக்கரை மெதுவாத்தான் ஏறும். தெளிஞ்சதும் மொத வேலையா பையன கூப்பிட்டு "கோவிச்சுக்காதப்பா, சுகரு"ன்னாரு.

அங்கயே நிறுத்தியிருக்கணும்னு சில பேரு சொல்லுவீங்க. நானும் கேட்டேன், போதுங்களா பெரியப்பான்னு. என் மூஞ்சிய பாக்காம ஸ்கோர்கார்டத்தான் பாத்தாரு, ரெண்டு பாயிண்ட் பின்னாடி இருந்தாரு. பேச்சு தெளிவா இருந்துச்சு, மூச்சு சரியா இருந்துச்சு, அதனால இன்னும் ரெண்டு ஹோல் பாக்கலாம்னு மெதுவா போனோம். ஒம்போது ஹோல்னு பேசிட்டு வந்தாலும் எந்த எடத்துல நிறுத்தினா கிளப்ஹவுஸ் கிட்டங்கறத முன்னாடியே கேடிகிட்ட கேட்டு வெச்சுக்கங்க, ஆடறவருக்கு தெரியாம உங்க மனசுல ஒரு வெளிய போற வழி இருக்கணும்.

அதுக்கப்பறம் ஒரு பார் 3 (மூணு அடில முடிக்க வேண்டிய ஹோல்), கிரீன் கீழ எறக்கத்துல இருக்கு. கேடி 9 ஐயர்ன் குடுத்தான், இவரு 7 கேட்டு வாங்கினாரு. மேல காத்து அடர்த்தி கம்மி, பந்து கீழ ஊர்ல போறத விட கொஞ்சம் தூரம் அதிகமா போகும், அதனால அதிகமா போயிருமோன்னு நான் நினைச்சேன், ஆனா அவரு முழு ஸ்விங் போடவே இல்ல, கைய இடுப்பு உயரத்துக்கு மட்டும் தூக்கி ஒரு சின்ன அடி, பந்து தாழ்வா போய் முன்னாடியே விழுந்து உருண்டு உருண்டு கிரீன் ஓரத்துல ஏறி நின்னுச்சு. பையன் மூஞ்சி அப்படியே மலந்துருச்சு, அத பாத்து இவரும் சிரிக்கறாரு. மொத பட் நாலடி கிட்ட நின்னுச்சு. என் வாய் வரைக்கும் வந்துருச்சு, எடுத்துக்கங்க பெரியப்பான்னு. காலைலயே சொல்லியிருந்தாரு, "ரெண்டடிக்கு மேல ஏதாவது குடுத்தீன்னா நான் ரூமுக்கு போயிருவேன்". வாய மூடிட்டு நின்னேன். பையன் "ஒரு கப் லெஃப்ட் (ஒரு குழி அகலம் எடது பக்கம் பாத்து அடிங்க) சார், சரிவு கீழ தள்ளும்"னான். அடிச்சாரு, ஓரத்துல பட்டு வெளிய வந்துருச்சு. நாலு. கையில ரெண்டு ஷாட் இருக்கறதால நெட் பேர்டி (அத கழிச்சா பார விட ஒண்ணு கம்மி), மூணு பாயிண்ட். அந்த தப்பின பட்டுக்கு அவரு திட்டிக்கிட்டது சுத்தமான எஸ்டேட் தமிழ், இங்க எழுத முடியாது, ஆனா நாலடிய நான் குடுத்திருந்தா அந்த திட்டும் வந்திருக்காது, கெடைச்ச பாயிண்ட்டுக்கு மரியாதையும் இருந்திருக்காது.

வீடியோ எடுங்க, ஆனா நின்னு போஸ் குடுக்க சொல்லாதீங்க. பின்னாடி கொஞ்சம் தள்ளி நின்னு நடக்கறத எடுங்க, பேசறது பதியற மாதிரி எடுங்க, ஸ்விங்க விட அந்தப் பேச்சுதான் அப்பறம் திரும்ப திரும்ப கேப்பீங்க. அண்ணன் நடுவுல வீடியோ கால் பண்ணினான், நான் எடுக்கல, அவன் இன்னும் அத சொல்லிக் காட்டறான்.

ஒம்போதாவது ஹோல் முடியறப்ப ஒரு பாயிண்ட்ல அவருதான் ஜெயிச்சாரு. கார்டுல கையெழுத்து போட்டு, என்னையும் போட சொல்லி, மடிச்சு சட்டைப்பைல வெச்சுக்கிட்டாரு. பத்தாவது டீய எட்டிப் பாத்தாரு, மேல ஏத்தமா இருந்துச்சு, "காப்பி குடிக்கலாமா"ன்னாரு. நிறுத்தற நேரத்த அவங்களே சொல்லிருவாங்க, நாம காத்திருந்தா போதும்.

அடுத்த ரெண்டு நாள் உடம்பு வலி இருக்கும், அத சொல்லி வெச்சிருங்க, இல்லைன்னா வீட்ல இருக்கறவங்க உங்களத்தான் திட்டுவாங்க. பெரியம்மா என்னய திட்டினாங்க. வலி மாத்திரை நீங்களா குடுக்காதீங்க, பிபி, கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு சில வலி மாத்திரை ஆகவே ஆகாது, சுடுதண்ணி ஒத்தடமே போதும்.

கிளப் செட்ட என்ன பண்றதுங்கறது அடுத்த கேள்வி. அவசரப்பட்டு வித்துடாதீங்க, அவங்களே சொல்லட்டும். பெரியப்பா கொஞ்ச நாள் கழிச்சு 7 ஐயர்னும் பட்டரும் மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்த அந்த கேடிப் பையனுக்கு குடுத்தற சொல்லிட்டாரு. குடுக்கறதுக்கு முன்னாடி கிரிப் மாத்திருங்க, பழைய கிரிப் கல்லாட்டம் இறுகிப் போயிருக்கும், அத வெச்சு யாரும் ஆட முடியாது.

இப்ப அப்பப்ப செட்டிபாளையத்துக்கு கூட்டிட்டு போறேன், பட்டிங் கிரீன் மட்டும், ஏத்தமும் இல்ல எறக்கமும் இல்ல, நாற்காலி போட்டு உக்காந்துக்கலாம். பந்தயம் அதே பத்து ரூவாதான். ஊட்டில தோத்ததுக்கே நான் இன்னும் பாக்கி வெச்சிருக்கேன்னு பெரியம்மாகிட்ட வேற சொல்லியிருக்காரு, ஜிபேல அனுப்பறேன்னா அதெல்லாம் வேண்டாமாம், ரொக்கமா வேணுமாம்.